ஆட்டம் முடியுமுன் மாலை இல்லை

வரிசையாகச் சொல்கிறேன், கேளுங்கள். வரிசை மாறக் கூடாது. வரிசை மாறினால் நியாயம் மாறிவிடும். காலமெல்லாம் மேடையில் பேசியவன் சொல்கிறேன்.

முதல் அநீதி, மில் என்னை வேலையைவிட்டு நீக்கியது. எந்த மில் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் அவனுக்கு விளம்பரம். இரண்டாவது, சங்கமே என்னை நீக்கியது. 'தோழர் இருளப்பன் தனிநபர் வழிபாட்டை வளர்க்கிறார்' என்று தீர்மானம் போட்டார்கள். பிறந்ததிலிருந்து எனக்கு ஒருவன் மாலை போட்டதில்லை, இதில் வழிபாடு! மூன்றாவது, என் சிறுநூலை அச்சடித்தவன் அட்டையில் என் பெயரைவிட அச்சகத்தின் பெயரைப் பெரிதாகப் போட்டான். நான்காவது, மதுரையில் ஒரு கராத்தேக்காரன். வெள்ளை உடுப்பும் கறுப்புப் பெல்ட்டுமாக உட்கார்ந்துகொண்டு, 'உங்கள் சண்டைமுறை கலையே இல்லை, அதில் பாடவரிசை என்று ஒன்றுமே இல்லையே' என்றான். வரிசை இல்லாததுதான் ஐயா அதன் சிறப்பு என்றேன். ஒரு டீ கூடச் சொல்லவில்லை. ஐந்தாவது, பள்ளிக்கூடங்களில் பெண் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். இதை உருவாக்கியது யார் என்று ஒரு வாத்தியாருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஆறாவது, நோட்டீஸ். என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அதற்கு வருகிறேன். அருப்புக்கோட்டை போக இன்னும் நேரம் கிடக்கிறது, காரியாபட்டியே வரவில்லை.

அந்தக் குக்கரைக் கீழே வைத்துக்கொள்ளலாமே, எதற்கு மடியில் சுமக்கிறீர்கள்? புதுவீடா? மச்சினன் வீடா? சரி, நல்லது. கீழே வைத்தால் எவன் காலாவது படும் என்று பயமா? அப்படியானால் வைத்துக்கொள்ளுங்கள்.

'சார்' என்று யாரையும் நான் சொல்வதில்லை. 'தோழர்' என்கிறேன், வருத்தப்படாதீர்கள். என் பெயர் இருளப்பன். மேடையில் எரிசொல் இருளப்பன். நான் பேசுவது புத்தகம் வாசிக்கிற மாதிரி இருக்கிறதே என்று பார்க்கிறீர்கள். எனக்குப் பள்ளிக்கூடம் சிறு வெளியீடுகள்தான் தோழர். ஒரு ரூபாய் புத்தகம், இரண்டு ரூபாய் புத்தகம். அதில் எப்படி எழுதியிருந்ததோ அப்படியே பேசக் கற்றுக்கொண்டேன்.

'கட்டற்ற கை' என்று ஒரு சண்டைமுறை கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இல்லை. சரி, 'குழாயடி'? பாருங்கள், தலையாட்டுகிறீர்கள். உங்கள் பெண் அதைப் பள்ளியில் படித்திருக்கிறாளா? அதைத் தோற்றுவித்தவன் பக்கத்தில்தான் உட்கார்ந்து வருகிறீர்கள். ஆனால் அதைக் குழாயடி என்று சொல்லாதீர்கள். அது அதன் பெயர் இல்லை.

முன் சீட்டில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓர் அம்மா தூங்குகிறதே, அது சுடலி. எங்கள் மில்லில் நூல் சுற்றுகிற ரீலிங் பிரிவில் வேலை பார்த்தது. நேற்று அதுதான் வில்லாபுரத்தில் என் அறையைக் கண்டுபிடித்து வந்தது. இன்று அழைத்துப்போகிறது. அழைத்துப்போகிறது என்ன, நானாகத்தான் போகிறேன். ஆட்சேபம் தெரிவிக்கப் போகிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

கதவடைப்புக் காலம். நிர்வாகம் வெளியூரிலிருந்து அடியாட்களை இறக்கியிருந்தது. கேட்டுக்கு வெளியே எண்ணெய் டிரம்மின் மேல் நின்று நான் பேசிக்கொண்டிருந்தேன். ஒருவன் வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தான். பெரிய ஆள். ஆண்கள் எல்லாம் பின்னால் நகர்ந்தார்கள். அப்போது ரீலிங் பெண்கள் கூட்டத்திலிருந்து ஓர் அம்மா வந்தது. பெயர் எதற்கு, அந்தம்மா என்றே வைத்துக்கொள்வோம். வந்து, அவன் முழங்கைக்குக் கீழே தோளைக் கொடுத்து, இடுப்பை ஒரு திருப்புத் திருப்பியது. இடுப்பிலிருந்து குடத்தை இறக்கிவைக்கிற மாதிரி. அவ்வளவுதான். அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். எப்படி உட்கார்ந்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

"உக்காருங்கண்ணே, தண்ணி வர இன்னும் நேரம் கெடக்கு" என்றது அந்தம்மா.

கூட்டம் சிரித்த சிரிப்பில் மற்ற அடியாட்களும் அன்று கிட்டே வரவில்லை.

அந்தம்மா வளர்ந்த தெருவில் தெரு முழுக்க ஒரே குழாய். அங்கே கற்றதுதான். கொஞ்சம் குழாயடிச் சண்டை, கொஞ்சம் அண்ணன்மாரோடு ஆடிய கபடி, கொஞ்சம் டவுன் பஸ்ஸில் ஏறுகிற வித்தை. யாரிடமும் படித்ததில்லை. கைக்கு எது வருகிறதோ அது. மற்ற பெண்களும் அப்படித்தான், ஆளுக்கு ஒன்று வைத்திருந்தார்கள். 'குடம் இறக்கு' என்பார்கள், 'வரிசை தள்ளு' என்பார்கள், 'முந்தானை வாங்கு' என்பார்கள்.

நான் பார்த்தேன். யோசித்தேன். உட்கார்ந்து எழுதினேன். 'கட்டற்ற கை: உழைக்கும் மக்களின் போர்முறை.' உலகப் போர்க்கலைகளை ஆய்ந்து உருவாக்கியது என்று முன்னுரையில் போட்டேன். குழாயடி என்றா போட முடியும்? 'குடம் இறக்கு' என்பதை 'முதலாம் எழுச்சி' என்று மாற்றினேன். 'வரிசை தள்ளு' இரண்டாம் எழுச்சி. அந்தம்மா வாசித்துப் பார்த்துவிட்டு, "தோழரே, முந்தானை எத்தனாவது எழுச்சி?" என்று கேட்டது. ரீலிங் பிரிவே சிரித்தது. அவர்களுக்கு எல்லாம் சிரிப்புதான்.

எழுதியவன்தானே நிறுவனர்? நீங்களே சொல்லுங்கள். அசைவுகள் அவர்களுடையவை, இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அசைவு யாருக்குச் சொந்தம்? அது காற்று மாதிரி. முன்னுரை என்னுடையது.

விதிகளும் என்னுடையவை. அதில் எவனும் கைவைக்க முடியாது. கட்டற்ற கையில் குருவணக்கம் கிடையாது. ஆசான் கிடையாது, காலில் விழுவது கிடையாது. நடுவர் கிடையாது. ஏன் தெரியுமா? கேட்டில் நடந்த ஒவ்வொரு சண்டையிலும் எவன் அடித்தான், எவன் விழுந்தான் என்று போலீஸ்காரன்தான் எழுதினான். அடிவாங்கியது நாங்கள், அடித்ததாக எழுதப்பட்டதும் நாங்கள். அதனால் விதி செய்தேன். யார் ஜெயித்தது என்பதை மூன்றாம் ஆள் சொல்லக் கூடாது. விழுந்தவர் எழுந்து நின்று, மூன்று பேர் சாட்சியாக, வீழ்த்தியவரின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் ஆட்டம் முடிந்தது. சொல்லாதவரை இருவரும் ஆட்டத்தில்தான் இருக்கிறார்கள். ஓர் ஆட்டத்தில் இருப்பவர் இன்னோர் ஆட்டத்தில் இறங்கக் கூடாது. இன்னொன்று, ஆட்டம் முடியுமுன் யாருக்கும் மாலை இல்லை. ஊருக்குக் குஸ்தி போட வருகிற மல்லர்கள் எல்லாம் சண்டைக்கு முன்பே கழுத்து நிறைய மாலையோடு வந்து நிற்பார்கள், அதைப் பார்த்து எரிச்சலில் எழுதினேன்.

நல்ல விதி என்கிறீர்களா? நன்றி. இதுவரை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை.

காரியாபட்டி வந்துவிட்டது போல. முறுக்குக்காரன் ஏறுகிறான். வேண்டாம் தம்பி, பல் இல்லை. போ.

கொஞ்சம் என் மணிக்கட்டைப் பிடியுங்கள். ஒரு கையால் குக்கரைப் பிடித்துக்கொள்ளுங்கள், இன்னொரு கையால் பிடியுங்கள். இறுக்கமாக. இப்போது பாருங்கள், கட்டைவிரல் பக்கமாக... இப்படி... இல்லை, கொஞ்சம் பொறுங்கள்... நீங்கள் ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறீர்கள் தோழர். சீட்டில் உட்கார்ந்துகொண்டு செய்தால் இடுப்பு வராது. விடுங்கள். விடுங்கள் என்றேனே. பரவாயில்லை, வலிக்கவில்லை. எனக்கு இந்தக் கையில் உணர்வே குறைவு. இப்போது மற்ற கையிலும் குறைந்துவருகிறது.

சரி, அந்த ஆட்டத்தைச் சொல்கிறேன்.

கட்டற்ற கையின் முதல் ஆண்டுவிழா. சங்க ஆபீஸ் முற்றம். தோழர்கள் நிறைய வந்திருந்தார்கள். விதி எல்லாருக்கும் பொது, நிறுவனருக்கும் பொது என்று காட்ட நினைத்தேன். நானே முற்றத்தில் இறங்கி அந்தம்மாவை அழைத்தேன்.

"வேண்டாம் தோழரே. உங்களுக்குப் பேச்சு போதும், மேடைக்கே போங்க" என்றது.

"பயமா?" என்றேன்.

"எனக்கென்ன பயம்? உங்க வேட்டியத்தான் நெனச்சேன்."

கூட்டம் சிரித்த சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் கவனம் சிதறியது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முற்றத்தில் காலையில்தான் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அதையும் சேர்க்க வேண்டும். நான் முன்னே வந்தேன். அடுத்து நான் பார்த்தது வேப்பமரத்தின் மேல்கிளை. முதலாம் எழுச்சி. நான் பெயர் வைத்த எழுச்சி.

வழுக்கியது வேறு, விழுந்தது வேறு. நான் வழுக்கினேன்.

எழுந்து நின்றேன். அந்தம்மா எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. சிரிக்கவில்லை. காத்திருந்தது. சுடலி, சமையல்காரர் கோவிந்தம்பிள்ளை, ஒரு கிளார்க், மூன்று பேரும் சாட்சிக்கு முன்னால் வந்து நின்றார்கள். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.

நான் உலக நிலைமையைப் பற்றிப் பேசினேன்.

நன்றாகத்தான் பேசினேன். நீளமாகப் பேசினேன். பாதியில் சிலர் எழுந்து போனார்கள், அது எப்போதும் உள்ளதுதான். நான் முடித்தபோது முற்றத்தில் அந்தம்மா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. சாட்சிகள்கூட உட்கார்ந்துவிட்டார்கள். "முடிஞ்சுதா தோழரே?" என்று கேட்டது. "பேச்சு முடிந்தது" என்றேன். "பேச்சக் கேக்கல" என்றது.

அடுத்த மாதமே சிறுநூலுக்கு இரண்டாம் பதிப்பு கொண்டுவந்தேன். அதில் ஒரு வரி சேர்த்தேன். 'தரை ஈரமாயிருந்து கால் வழுக்கினால் அது வீழ்ச்சி ஆகாது.' நியாயமான திருத்தம். எந்தச் சட்டத்துக்கும் திருத்தம் உண்டு. ஆனால் ரீலிங் பெண்கள் இரண்டாம் பதிப்பை வாங்கவே இல்லை. முதல் பதிப்பையே கிழிந்த அட்டையோடு வைத்துக்கொண்டார்கள். இன்றுவரை அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது முதல் பதிப்பு. நான் எழுதியதை எனக்கு எதிராக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதை ஏழாவது அநீதியாகச் சேர்க்கலாமா? வேண்டாம், வரிசை கெடும்.

அதற்குப் பிறகு அந்தம்மா ஓர் ஆட்டத்திலும் இறங்கவில்லை. சென்னையிலிருந்து ஆட்கள் வந்து போட்டிக்குக் கூப்பிட்டார்கள். "எனக்கு ஒரு ஆட்டம் பாக்கி இருக்கு" என்று சொல்லிவிட்டது. டில்லிக்குக் கூப்பிட்டார்கள். "பாக்கி இருக்கு." சொல்லிக்கொடுக்கும், செய்துகாட்டும், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போகும். எதிரில் ஒருவரை நிறுத்தி ஆட மட்டும் ஆடாது. நல்ல வயதெல்லாம் அப்படியே போயிற்று. பிடிவாதம். அதற்கு நானா பொறுப்பு? இரண்டாம் பதிப்பை ஒத்துக்கொண்டிருந்தால் அந்த நிமிஷமே விடுதலை.

ஒவ்வொரு மே தினத்துக்கும் யாரையாவது என்னிடம் அனுப்பும். முன்பு கோவிந்தம்பிள்ளை வருவார், அவர் போன பிறகு சுடலி. வந்து டீ குடிக்கும், ஊர்க்கதை பேசும். கிளம்பும்போது வாசலில் நின்று, "ஆட்டம் முடிஞ்சுதான்னு கேட்டுட்டு வரச் சொல்லுச்சு" என்று சொல்லும். நான் பதில் சொல்ல மாட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடும். என்னைச் சீண்டுவதற்காகத்தான் அனுப்பியது. வேறு எதற்கு?

ஒரு மே தினத்தில் மழை. சுடலி வரவில்லை. சாயங்காலம்வரை டீத்தூள் டப்பாவைத் திறந்தே வைத்திருந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

நேற்று மே தினம் இல்லை. அதனால் கதவைத் திறந்ததும் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. சுடலி உள்ளே வந்து உட்கார்ந்தது. டீ போட்டேன். குடித்தது.

"போன வாரம் தோழரே. ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகல. கஞ்சி குடிச்சுட்டுப் படுத்துச்சு" என்றது.

"சரி" என்றேன்.

"மால போடாமத்தான் எடுத்தோம்."

நான் டீத்தூள் டப்பாவை எடுத்து மூடினேன்.

"ஊர்க்காரங்க கொண்டாந்த மாலையெல்லாம் அதுகிட்டப் படிச்ச பிள்ளைக வாங்கித் திண்டுல வச்சிருச்சுக. ஆட்டம் முடியாம மால போடக் கூடாதுன்னு புத்தகத்துல இருக்குன்னு சொல்லுதுக. பெரியவுக எவ்வளவோ சொல்லிப் பாத்தாக. பிள்ளைக அசையல. நாளைக்குப் படத்திறப்பு. அதுக்கும் மால கெடையாதாம்."

ஒருவர் இறந்தால் ஆட்டம் முடிந்தது என்று நான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. தோன்றவில்லை. சண்டை போடுகிறவர்கள் எல்லாரும் இளவட்டமாக இருந்தார்கள் அப்போது.

எனக்கு என்ன தோன்றியது என்று கேட்கிறீர்களா? ஒன்றும் தோன்றவில்லை. டம்ளரை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தேன். இன்னொரு முறை எடுத்துக் கழுவினேன். இந்தக் கை மாதிரி, எல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கிறது, தொட்டால் தெரிவதில்லை. அவ்வளவுதான்.

சுடலி எழுந்தது. செருப்பை மாட்டியது. வாசலில் நின்றது. வழக்கமாகக் கேட்பதைக் கேட்கும் என்று நின்றுகொண்டிருந்தேன். கேட்கவில்லை, தோழர். பையிலிருந்து இந்த நோட்டீஸை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, "காலையில வாரேன். வந்தா வாங்க" என்றது. அவ்வளவுதான். கேட்கவே இல்லை.

நோட்டீஸைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! அப்போதுதான் எனக்கு உயிரே வந்தது. 'கட்டற்ற கை நிறுவனர்' என்று போட்டு, கீழே என் பெயர் இல்லை. அந்தம்மாவின் பெயர். கொட்டை எழுத்தில். வாழ்நாளெல்லாம் குழாயடி குழாயடி என்றவர்கள், ஒரு தடவைகூட நான் வைத்த பெயரைச் சொல்லாதவர்கள், இப்போது முதல் தடவையாகக் 'கட்டற்ற கை' என்று அச்சடிக்கிறார்கள். அடித்து, பக்கத்தில் வேறு பெயரைப் போடுகிறார்கள். இதுதான் ஆறாவது. இதற்குத்தான் போகிறேன். மேடையில் ஏறி, எல்லார் முன்னிலையிலும், இது பிழை என்று அறிவிக்கப் போகிறேன். வேறு எதற்கும் இல்லை.

என்ன சுடலி? தூங்கவில்லையா நீ? எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறாய்?

என்னவோ சொல்கிறது பாருங்கள். 'என்னதான் தப்பாப் போட்டிருக்கு, வாசிங்க தோழரே, எனக்குக் கண்ணு மங்கல்' என்கிறது. அச்சாபீசில் கூட நின்று அடித்து வாங்கி வந்தவள் நீதானே? இன்னமும் ஊசியில் நூல் கோக்கிறாய், உனக்குக் கண் மங்கலா?

சரி, வாசிக்கிறேன். வாசிக்கத்தானே வேண்டும். ஒரு தவறை மக்கள் முன் எடுத்துவைக்க வேண்டுமானால் முதலில் அதை வாசித்துக்காட்ட வேண்டும். இந்தத் தோழரும் கேட்கட்டும். கண்டக்டரை எதற்கு நிறுத்துகிறாய்? டிக்கெட் எடுத்தாயிற்றே. 'செத்த நில்லுங்க தம்பி' என்கிறது. அவர் நிற்கிறார். நல்லது, அவரும் உழைப்பாளிதான், கேட்கட்டும்.

உட்கார்ந்து வாசிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. கொஞ்சம் காலை மடக்குங்கள், எழுந்துகொள்கிறேன். இந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டால் போதும். சுடலி, நீ எதற்கு எழுகிறாய்? தோழர், நீங்களும் ஏன்? இவ்வளவு நேரம் சொன்னேன், கேட்கவில்லை. இப்போது குக்கரைக் கீழே வைக்கிறீர்களே.

ஏன் மூன்று பேரும் என் வாயைப் பார்க்கிறீர்கள்?

இதோ பார் சுடலி. வாசிப்பது வேறு, சொல்வது வேறு. நான் வாசிக்கிறேன், அவ்வளவுதான். வேண்டுமானால் மூன்றாம் பதிப்பில் இந்த வரியையும் சேர்த்துவிடுகிறேன்.

 

கேளுங்கள். 'கட்டற்ற கை நிறுவனர்...' சத்தம் போதுமா? கடைசி சீட்டுக்கும் கேட்க வேண்டும். டிரைவருக்கும் கேட்க வேண்டும்.

'கட்டற்ற கை நிறுவனர், தோழர் மா. வெயிலுகந்தம்மாள்.'